வண்டி நிற்கும் இடம்

கோட்டை நகரம்,
விடுதி அறை.

மதிப்பிற்குரிய பெரிய டிரைவர் அவர்களுக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் நலமா என்று உங்களைக் கேட்டால் பதில் வராது என்பதால் மகள் பாப்பாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து வேளாவேளைக்குப் போட்டுக்கொள்கிறீர்களாம். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போடுகிறீர்களாம். முகம் எப்படி இருந்தாலும் மருந்து கண்ணுக்குள் போனால் சரி.

போனில் என்னோடு பேசமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். பாப்பா படித்துக் காட்டுவாள். கடிதத்தில் ஒரு வசதி, நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத வசதி. பாப்பா, சத்தமாகப் படி. அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போனால் பின்னாலேயே போய்ப் படி.

நீங்கள் சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. நான் இந்தச் சுற்றுலா வண்டி வேலையை விட்டால்தான் வீட்டுக்குத் திரும்புவீர்கள், இல்லாவிட்டால் மகள் வீட்டிலேயே இருந்துவிடுவீர்கள். "டிரைவரு இறங்கினதும் பொண்டாட்டி ஏறிட்டாளாம்னு நாலு பேரு சிரிப்பாங்க" என்றீர்களாம். அந்த நாலு பேர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டில் அரிசி தீர்ந்த நாளில் அவர்கள் வந்து எட்டிப் பார்த்ததாகவும் ஞாபகம் இல்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விடமாட்டேன். இனி மற்ற செய்திகள்.

வலது கண்ணுக்கு இனி வழியில்லை என்று டாக்டர் சொன்ன அன்று வண்டிச் சாவியை முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தீர்கள். அதன்பிறகு வைத்தியத்துக்கு என்று மகள் ஊருக்குப் போனீர்கள். வைத்தியம் முடிந்து எவ்வளவோ நாளாயிற்று. இடது கண்ணைப் பற்றி டாக்டர் பாப்பாவிடம் சொன்னது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை.

நீங்கள் போன பிறகுதான் முதலாளி பெண்களுக்கென்று தனிச் சுற்றுலா ஆரம்பித்தார். கூடப் போய் ஆள் எண்ணி, அறை ஒதுக்கி, சண்டை தீர்த்து வைக்க ஒரு பெண் வேண்டும் என்றார். நான் போய் நின்றேன். ஊர்களெல்லாம் தெரியுமா என்று கேட்டார். நீங்கள் ஒவ்வொரு பயணமும் முடிந்து வந்து சாப்பிடும்போது சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பித்தேன். கோட்டை, மலை, துறைமுகம், பழைய தலைநகரம் என்று நான் அடுக்க அடுக்க அவர் வாயைப் பிளந்துவிட்டார். அந்த வகையில் பார்த்தால் இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்ததே நீங்கள்தான்.

எத்தனை தடவை கேட்டிருப்பேன், என்னையும் ஒருமுறை கூட்டிப் போங்கள் என்று. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். "அங்க என்ன இருக்கு, எல்லாம் பார்த்தாச்சு." நீங்கள் பார்த்தாச்சு என்றால் நானும் பார்த்தாச்சு என்று ஆகிவிடுமா? அந்த ஒரு சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது நேற்று நடந்ததற்கு வருகிறேன். கோட்டையைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். முன்னால் பெரிய மைதானம், பிற்பகல் வரை மர நிழல். வண்டியைத் திருப்பத் தாராளமாக இடம். கக்கூஸ் இடது பக்கம், தண்ணீர் வராது. கோட்டைக்கு ஒரே வாசல், போனவர்கள் அந்த வழியாகத்தான் வரவேண்டும், யாரும் தொலைய முடியாது. மைக்கைப் பிடித்து நானும் அப்படியே சொன்னேன். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் முன் இருக்கையில் இருந்தார். கோட்டையைக் கட்டியது யார், உள்ளே எதைத் தவறவிடக் கூடாது என்று கேட்டார். எனக்குக் கக்கூஸுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நன்றாக அசடு வழிந்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் எல்லாரும் வண்டிக்கு வந்துவிட்டார்கள், டீச்சரையும் தையல்கடை அக்காவையும் காணோம். நான் வாசலிலேயே நிற்கிறேன், ஒரே வாசல்தானே. பூட்ட வந்த காவலாளி, ஆற்றுப் பக்கம் இன்னொரு வாசல் இருக்கிறதே என்றார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோட்டையைச் சுற்றி ஓடினேன். இரண்டு பேரும் ஆற்றுப் படியில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, நான் யாரைத் தேடி ஓடி வருகிறேன் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி போனில் கத்தினார். இன்னொரு தடவை நடந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்றார். இப்போது வண்டி ஓட்டுகிற உங்கள் பழைய கிளீனர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் உங்களுக்கும் சொல்லிவிட்டார். அவளுக்கு என்ன தெரியும் என்று சிரித்தீர்களாம். சிரியுங்கள். அந்த ஒற்றை வாசல் என்னுடையது அல்ல, உங்களுடையது. ஆகவே ஒரே ஒரு கேள்வி: இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது அந்தக் கோட்டைக்குள் போயிருக்கிறீர்களா?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஆட்களை இறக்கிவிடும்போது நீங்கள் சொல்வீர்களே, "வெளிச்சம் இருக்கும்போதே வந்துருங்க" என்று, அதை நானும் என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். மலைப்பாதையில் இருட்டில் வண்டி ஓட்டப் பிடிக்காமல் நீங்கள் பழக்கிய சொல். கிளீனர் திரும்பிப் பார்த்து, "அண்ணன் குரல் மாதிரியே இருக்கு அண்ணி" என்றார். சொன்னவர் உடனே கண்ணாடியைத் துடைக்க இறங்கிவிட்டார்.

கண்ணைக் கசக்காதீர்கள்.

இப்படிக்கு,
வேலையை விடாத உங்கள் மனைவி.


மலை நகரம்,
ஏரிக்கரை.

பெரிய டிரைவர் அவர்களுக்கு வணக்கம்.

போன கடிதத்தில் கக்கூஸ் வரியில் சிரித்தீர்கள் என்று பாப்பா சொன்னாள். கடைசிக் கேள்விக்கு மட்டும், "பார்த்தாச்சுன்னு எழுது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டீர்களாம். சுவருக்கு என்ன தெரியும், பாவம்.

இந்த மாதத்துக்குள் நான் வேலையை விடாவிட்டால் உங்கள் துணிமணிகளை மூட்டை கட்டி அனுப்பச் சொன்னீர்கள். உங்கள் சட்டைகள் எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் உங்கள் தட்டிலேயே அடுக்கிவிட்டேன். அனுப்பமாட்டேன். வேண்டுமென்றால் நேரில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவி வழக்கமான இடத்தில் இருக்கிறது. நான் பயணம் போயிருக்கும் நாளில் வந்தால் அடுப்பு பற்றவைக்க உங்களுக்குத் தெரியாது என்பதால், வருவதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அக்கம்பக்கத்தில் எதிர்த்த வீட்டு மாமி மட்டும், இந்த வயசில் ஊர் சுற்றப் புறப்பட்டுவிட்டாளே என்று முதலில் முணுமுணுத்தார். போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த பயணத்தில் ஜன்னல் ஓரம் இடம் இருக்குமா என்று காதோடு கேட்டார். உங்கள் நாலு பேரில் ஒருவர் இப்படிக் குறைந்துவிட்டார்.

கோட்டைக்கு இந்தத் தடவை ஆட்களுக்கு முன்னால் நான் உள்ளே போய்விட்டேன். எத்தனை வாசல், எந்தப் படி வழுக்கும், எங்கே வழி பிரிகிறது என்று எல்லாம் நடந்தே தெரிந்துகொண்டேன். உள்ளே வட்டமாக ஒரு அறை இருக்கிறது. ஒரு பக்கச் சுவரில் வாயை வைத்து முணுமுணுத்தால் எதிர்ப் பக்கச் சுவரில் அட்சரம் பிசகாமல் கேட்கிறது. நான் யாரும் இல்லை என்று நினைத்து உங்களைக் கொஞ்சம் திட்டினேன். கொஞ்சம் அல்ல, நன்றாகவே. எதிர்ச் சுவரில் தையல்கடை அக்கா காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளுக்கு இது இரண்டாவது தடவை, ஆற்றுப் படிக்காகவே மறுபடி வந்திருக்கிறாள். வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டு, "அவ்வளவு பிடிக்குமா அவர?" என்று கேட்டாள். திட்டினதைக் கேட்டவள் கேட்கிற கேள்வியா இது!

பாப்பா, இந்த இடத்தில் அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்.

இப்போது மலைக்கு வருகிறேன். நீங்கள் மலையைப் பற்றி எப்போதும் சொன்னது இரண்டே செய்தி. வளைவுகளில் எது மோசமான வளைவு என்பது ஒன்று. மேலே போனால் பனிதான், கையை நீட்டினால் கை தெரியாது, ஒன்றும் பார்க்க முடியாது என்பது இன்னொன்று. வளைவுகளைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. கிளீனர் ஒவ்வொரு திருப்பத்திலும் நீங்கள் சொல்லிக் கொடுத்தபடிதான் ஒலி எழுப்புகிறார். ஆனால் பனி என்றீர்களே, அது வண்டி நிற்கிற பள்ளத்தில் மட்டும்தான். அங்கிருந்து கடைத்தெரு வழியாகக் கொஞ்ச தூரம் மேலே ஏறினால் பனி காலுக்குக் கீழே போய்விடுகிறது. எதிரே ஏரி. ஏரியைச் சுற்றிப் பழைய காலத்து வீடுகள், ஓட்டுக் கூரைகள், அவற்றின் பின்னால் மலைமேல் மலை. நான் அங்கேயே கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. மூக்கு குளிரில் ஒழுகியது.

துறைமுக நகரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது மீன் வாடை. வண்டி நிற்பது மீன் கிடங்குக்குப் பின்னால், வாடை வராமல் என்ன செய்யும்? இரண்டு தெரு தள்ளிப் போனால் வெளிநாட்டு வியாபாரிகள் கட்டிய வீடுகள் மஞ்சள் சுவரோடு வரிசையாக நிற்கின்றன, தெருக்கோடியில் கலங்கரை விளக்கம். அதில் ஏறினால் கடல் வளைந்து தெரிகிறது. மூட்டு வலிக்கிற நான் ஏறினேன்.

உங்கள் ஊர்கள் எல்லாமே வண்டி நிற்கும் இடத்தில் முடிந்துவிடுகின்றன. எனக்குக் கோபம் தாங்கவில்லை. என்னை அடுப்படியில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள் என்று எத்தனை வருடம் மனசுக்குள் பொருமியிருப்பேன்! அந்தப் பொருமல் அத்தனையும் வீண்தானா? போகாத இடத்துக்கா பார்த்தாச்சு என்று சொல்லி என் வாயை அடைத்தீர்கள்? இதற்கு நீங்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

பதில் வரும்வரை நான் வண்டியில்தான் இருப்பேன். பதில் வந்தாலும் வண்டியில்தான் இருப்பேன்.

குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்ளுங்கள், அந்த ஊரில் காற்று அதிகம் என்று பாப்பா சொன்னாள்.

இப்படிக்கு,
பனிக்கு மேலே போய்விட்டு வந்த உங்கள் மனைவி.


பழைய தலைநகரம்,
அரண்மனைக்கு எதிரே, வண்டி நிற்கும் இடம்.

என்னங்க,

இந்தத் தடவை நீங்கள் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. கடிதத்தைக் கேட்டுவிட்டு ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டீர்கள் என்று பாப்பா சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப்போவதில்லை.

இப்போது நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? அரண்மனை மதிலுக்கு எதிரே, தேநீர்க் கடையை ஒட்டின மரத்தடியில், உங்கள் இடத்தில். வண்டிக்கு இன்று காவல் நான். பெண்கள் எல்லாரும் உள்ளே போயிருக்கிறார்கள். கிளீனரும் உள்ளே போயிருக்கிறார். ஆமாம், வண்டி ஓட்டுகிறவர் உள்ளே போயிருக்கிறார்.

இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். போன பயணத்தில் இதே இடத்தில் தேநீர்க்கடைக்கார அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மா டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டார். பெரிய டிரைவரை நன்றாகத் தெரியும் என்றார். மற்ற டிரைவர்கள் வண்டிக்குள் படுத்துத் தூங்குவார்களாம், நீங்கள் மட்டும் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பீர்களாம். அதற்குமேல் அவர் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன்.

ஊர் திரும்பியதும் நேராக முதலாளியிடம் போனேன். பெண்கள் சுற்றுலாவில் இனி ஒவ்வொரு ஊரிலும் ஓட்டுநருக்கும் உள்ளே போக அனுமதி வேண்டும், அவர் போய் வரும்வரை வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். டிரைவர் எதுக்கு உள்ளே போகணும் என்று கேட்டார். "டிரைவருக்குக் கண்ணு ரோட்டப் பார்க்க மட்டும்தானா?" என்றேன். அவர் என்னவெல்லாமோ சொன்னார். வண்டியில் பொருள் இருக்கிறது, இத்தனை வருடமாக இல்லாத வழக்கம், ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள். எல்லாரும் கேட்கட்டும் என்றுதான் கேட்கிறேன் என்றேன். அப்படியானால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். நானும் பையை எடுத்துக்கொண்டேன். அதற்குள் கணக்கு டீச்சர், அடுத்த பயணத்துக்குத் தன் சிநேகிதிகளைச் சேர்த்துக்கொண்டு முன்பதிவு செய்ய வந்திருந்தவர், இந்த அம்மா இல்லாவிட்டால் எங்களுக்கும் வண்டி வேண்டாம் என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சரி, செய்து தொலையுங்கள் என்றார். அவர் வாயிலிருந்து வந்த அந்தத் தொலையுங்கள் எனக்கு ஆசீர்வாதம் மாதிரிக் கேட்டது.

இன்று காலை கிளீனரை உள்ளே அனுப்பப் பெரும் பாடாகிவிட்டது. வேண்டாம் அண்ணி, கால் வலிக்குது அண்ணி என்று சாக்குச் சொன்னார். சட்டைக் காலரைச் சரிசெய்து முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினேன். வாசலில் நின்று ஒருமுறை வண்டியைத் திரும்பிப் பார்த்தார். போங்கள் என்று கை காட்டினேன்.

பாப்பா, இதற்குமேல் நீ படிக்கவேண்டாம். கடைசித் தாளை அப்பா கையில் கொடுத்துவிட்டு வெளியே போ. அவருக்காகப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே படிக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்.

என்னங்க,

தேநீர்க்கடை அம்மா எல்லாம் சொல்லிவிட்டார்.

உங்களுக்கு உள்ளே போக ஆசை இருந்திருக்கிறது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் தலை வாரி, சட்டை மாற்றி, அரண்மனை வாசல்வரை போயிருக்கிறீர்கள். பயணிகளில் ஒருவர் எல்லார் முன்னாலும், "டிரைவர், உமக்கு இங்க என்ன வேலை, வண்டிகிட்ட போய்யா" என்றாராம். நீங்கள் அப்படியே திரும்பி வந்து இந்த மரத்தடியில் உட்கார்ந்தீர்களாம். அதன்பிறகு எந்த ஊரிலும் எந்த வாசலுக்கும் போகவில்லை.

ஆனால் வெளியே வருகிற ஒவ்வொருவரையும் கேட்பீர்களாம், உள்ளே எப்படி இருந்தது என்று.

நமக்குக் கல்யாணமான புதிதில் சொன்னீர்களே, அரண்மனைக்குள் ஒரு மண்டபம் இருக்கிறது, அதில் நடந்தால் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்காது என்று. அதை யாரிடமோ கேட்டுத்தான் எனக்குக் கொண்டு வந்தீர்கள். அது தெரிந்தபிறகு எனக்கு உங்கள்மேல் கோபம் போய்விட்டது. அந்த ஆள்மேல் வந்துவிட்டது. அவர் யார் என்று தெரியாததால் முதலாளிமேல் காட்டினேன்.

நீங்கள் வெட்கப்படவேண்டியது ஒன்றுமில்லை. பாப்பாவுக்கு நான் சொல்லவில்லை. சொல்லமாட்டேன்.

வேலையை விடமாட்டேன். அதில் மாற்றமில்லை. அடுத்த பயணத்தில் முன் வரிசை ஜன்னல் ஓரத்தை உங்களுக்கு என்று பிடித்து வைத்துவிட்டேன். எதிர்த்த வீட்டு மாமி கேட்டார், கொடுக்கவில்லை. டிரைவர் இருக்கையில் கிளீனர் இருப்பார். அதைப் பார்க்க உங்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஏறுங்கள். நான் ஏறவில்லையா?

கோட்டையில் அந்தச் சுவருக்கு நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நிற்கலாம். என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் அங்கே திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மலையில் பனிக்கு மேலே போகலாம், என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாசலில் யாராவது ஏதாவது சொன்னால் நான் இருக்கிறேன்.

அரண்மனைக்குள் மட்டும் நான் இன்னும் போகவில்லை. போன தடவையும் போகவில்லை, இன்றும் போகவில்லை. நீங்கள் வராமல் போகவும் மாட்டேன்.

கிளீனர் வெளியே வருகிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வருகிறார். உள்ளே எப்படி இருந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. அதை நீங்கள் எனக்குச் சொல்லவேண்டும், பார்த்துவிட்டு.

வழக்கமாக ஆட்களை இறக்கிவிடும்போது சொல்வதுதான். உங்கள் சொல்லையே உங்களுக்குச் சொல்கிறேன்.

வெளிச்சம் இருக்கும்போதே வந்துருங்க.

உங்கள்
மனைவி.